20 லட்சம் பிளேயர்கள் வருகின்றன: எச்டி டிவிடி போரில் ஒரு மலிவு விலை வதந்தியின் கதை

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை காலை 8 மணி. அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் டிவிடிக்கு அடுத்து வந்த எச்டி டிவிடி டிஸ்க்கை ஓட்டும், தோஷிபாவின் எச்டி-ஏ2 என்ற பிளேயரை 98.87 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் 499 டாலர் விலை போட்டு வந்த பெட்டி அது. பெஸ்ட் பை கடைகளும் ஏறக்குறைய அதே விலைக்கு இறங்கின. அந்த வார இறுதியில் மட்டும் 90,000 பெட்டிகள் போனதாகத் தொழில் வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள்.

எச்டி டிவிடி ரசிகர்களுக்கு அன்று திருவிழா. "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று மார்தட்டிக்கொண்டார்கள். சீனாவிலிருந்து மலிவு பிளேயர்கள் வெள்ளமாக வரும், போட்டி டிஸ்க்கான ப்ளூ-ரே அதில் மூழ்கும் என்று வருடம் முழுக்க அவர்கள் சொல்லி வந்தது உண்மைதான். ஆனால் அன்று வந்த மலிவும் அவர்கள் சொன்ன மலிவும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம்தான் மூன்றே மாதத்தில் அந்த ஃபார்மட்டின் கதையை முடித்தது என்பது என் கட்சி. கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தால் இது விளங்கும்.

சண்டை எதற்கு

டிவிடிக்கு அடுத்து என்ன என்பதுதான் கேள்வி. 2002 பிப்ரவரியில் சோனி, பானாசோனிக், பிலிப்ஸ், சாம்சங் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ப்ளூ-ரேயை அறிவித்தன. தோஷிபாவும் என்இசியும் வேறொரு டிஸ்க்கை முன்வைத்தன. அதுவே பின்னால் எச்டி டிவிடி என்ற பெயரில் டிவிடிக்கு விதிகள் வகுக்கும் டிவிடி ஃபோரம் என்ற அமைப்பின் ஆசியோடு வந்தது. இரண்டுக்கும் ஒரே 405 நானோமீட்டர் நீலஊதா லேசர்தான். வேறுபாடு டிஸ்க்கின் உடம்பில் இருந்தது. ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், ஓர் அடுக்கில் 25 ஜிபி கொள்ளும். எச்டி டிவிடியில் டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழம், ஓர் அடுக்குக்கு 15 ஜிபி. 2005இல் இரு தரப்பையும் ஒன்று சேர்க்கப் பேசிப் பார்த்தார்கள். நடக்கவில்லை.

இந்த 0.6 மில்லிமீட்டரில்தான் வதந்திக்கு விதை விழுந்தது. டிவிடியின் அதே தடிமன் என்பதால், ஏற்கெனவே டிவிடி அச்சிடும் ஆலைகள் சிறு மாற்றத்தோடு எச்டி டிவிடியையும் அச்சிடலாம். ப்ளூ-ரேக்குப் புது இயந்திரம் வேண்டும். இது நியாயமான வாதம், தோஷிபா தரப்பு இதை ஓயாமல் சொன்னது. ஆனால் டிஸ்க்கை அச்சிடும் செலவு வேறு, டிஸ்க்கை ஓட்டும் பெட்டியின் செலவு வேறு. "எச்டி டிவிடி செய்வது மலிவு" என்ற பேச்சு வாய் மாறி வாய் மாறி "எச்டி டிவிடி பிளேயர் செய்வது மலிவு" என்று ஆனபோது, யாரும் அதை நிறுத்திக் கேட்கவில்லை.

பெட்டிக்குள் என்ன இருந்தது

2006 ஏப்ரலில் அமெரிக்காவுக்கு வந்த தோஷிபாவின் முதல் மாடல் எச்டி-ஏ1. விலை 499 டாலர். ஜூனில் வந்த சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு முடிவு சுலபமாகத் தெரிந்தது, பாதி விலை என்றால் மலிவான தொழில்நுட்பம் இதுதான் என்று.

ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் எச்டி-ஏ1ஐப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது கிட்டத்தட்ட ஒரு முழுக் கம்ப்யூட்டர். இன்டெல் பென்டியம் 4 பிராசஸர், 1 ஜிபி நினைவகம், ஒலிக்கென்று தனியாக நான்கு சிப்கள். பாகங்களின் விலை மட்டும் 674 டாலர் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ரிமோட், கேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்தால் 700ஐத் தாண்டும். அப்படியானால் ஒவ்வொரு பெட்டிக்கும் தோஷிபா 200 டாலர் கைநஷ்டப்பட்டு விற்றுக்கொண்டிருந்தது. மலிவு என்று ஊர் நம்பியது தோஷிபாவின் மானியத்தை.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எச்டி டிவிடி என்று பெயர் போட வேண்டுமானால் ஒவ்வொரு பிளேயரிலும் இணைய இணைப்பு இருக்க வேண்டும், படத்துக்குள் இன்னொரு படம் காட்ட இரண்டாவது வீடியோ டிகோடர் இருக்க வேண்டும், தகவல் சேமிக்கக் கொஞ்சம் நினைவகம் இருக்க வேண்டும். எல்லாம் கட்டாயம். ப்ளூ-ரேயில் முதல் தலைமுறைப் பெட்டிகளுக்கு இவை எதுவும் கட்டாயமில்லை, படிப்படியாகப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். வாங்குபவர்களுக்கு எச்டி டிவிடியின் விதி நல்லது, சந்தேகமில்லை. முதல் நாளே முழுமையான பெட்டி கிடைத்தது. ஆனால் நறுக்கித் தள்ளி மலிவாக்க நினைக்கும் ஒரு தொழிற்சாலைக்கு நறுக்க இடமே இல்லாத விதி அது. மலிவுக்குப் பெயர் போன ஃபார்மட்டின் குறைந்தபட்சத் தகுதிதான் எதிராளியுடையதைவிட உயரத்தில் இருந்தது.

சீனாவை ஏன் நம்பினார்கள்

வதந்தி என்றாலே முட்டாள்தனம் என்று ஒதுக்குவது சரியல்ல. இந்த வதந்திக்குப் பின்னால் நிஜமான ஒரு முன்கதை உண்டு.

2000இல் ஏபெக்ஸ் டிஜிட்டல் என்ற, யாரும் கேள்விப்படாத ஒரு கலிஃபோர்னியா நிறுவனம் சீனாவில் செய்த டிவிடி பிளேயர்களை இறக்கியது. ஏடி-600ஏ என்ற மாடல் பெரிய பிராண்டுகளைவிட மலிவு. எம்பி3 ஓட்டும். போதாததற்கு, ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுப் பெட்டியில் ஓடாமல் தடுக்கும் மண்டலப் பூட்டையும் நகல் தடுப்பையும் நிறுத்திவைக்கும் ரகசிய மெனு ஒன்று அதில் இருந்தது, செய்தி பரவியதும் கடைகளில் ஸ்டாக் காலியானது. இரண்டே வருடத்தில் எண்ணிக்கையில் சோனியோடு மல்லுக்கட்டும் அளவுக்கு ஏபெக்ஸ் வளர்ந்தது. 2003 கிறிஸ்துமஸ் சீசனில் வால்மார்ட்டில் டிவிடி பிளேயர் 30 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. டிவிடியை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஜப்பானியப் பெயர்களுக்கு இருந்த பங்கு சீனத் தொழிற்சாலைகளுக்கும் உண்டு. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள் 2007இல் "சீனா வரும்" என்று நம்பியதில் தவறென்ன?

அவர்கள் பார்க்காமல் விட்டது அந்தக் கதையின் பின்பாதி. டிவிடி பிளேயர் ஒவ்வொன்றுக்கும் பல காப்புரிமைக் கூட்டணிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். பெட்டியின் விலை இறங்க இறங்க, இறங்காத ராயல்டி லாபத்தை மொத்தமாகத் தின்றது. ஏபெக்ஸுக்குப் பெட்டிகளைச் செய்து கொடுத்த சாங்ஹாங் நிறுவனத்துக்கு 2004 இறுதியில் வர வேண்டிய பாக்கி 46 கோடி டாலருக்கு மேல். அந்த விவகாரத்தில் ஏபெக்ஸின் தலைவர் டேவிட் ஜி சீனாவில் பிடித்துவைக்கப்பட்டார். மலிவு டிவிடியில் கை சுட்டுக்கொண்டவர்கள், இன்னும் ஜெயிக்காத ஒரு ஃபார்மட்டுக்காக இன்னொரு முறை கையை நீட்ட யோசிக்கத்தானே செய்வார்கள்.

தவிர, டிவிடியில் சீனா நுழைந்தபோது சண்டை முடிந்திருந்தது. சிவப்பு லேசரும் சிப்புகளும் கடைச்சரக்காகக் கிடைத்தன. 2006இல் நீல லேசர் டயோடுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டால்தான் சோனியே, ப்ளூ-ரே ஓட்டும் தன் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3இன் ஐரோப்பிய வெளியீட்டைத் தள்ளிப்போட்டது, நவம்பரில் அமெரிக்காவுக்கு 4 லட்சம், ஜப்பானுக்கு 1 லட்சம் என்று முதல் சரக்கைச் சுருக்கியது. டயோடைத் தானே செய்யும் சோனிக்கே அந்தக் கதி.

20 லட்சம்

2007 ஏப்ரலில்தான் பெரிய குண்டு விழுந்தது. சீன மொழியில் வந்த ஒரு செய்தியை யாரோ எடுத்துப் போட, ஒரே நாளில் பரவியது: வால்மார்ட் ஒரு தைவான் நிறுவனம் மூலமாக, சீனாவில் செய்யப்படும் 20 லட்சம் எச்டி டிவிடி பிளேயர்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது, 300 டாலருக்குள் விற்கப் போகிறது. மொழிபெயர்ப்பு குழப்பமாக இருந்ததால், செய்தி எந்த ஃபார்மட்டைப் பற்றியது என்பதிலேயே கொஞ்ச நாள் அடிதடி நடந்தது. வால்மார்ட் உறுதிப்படுத்தவில்லை. பேச்சு நிற்கவும் இல்லை.

இந்த எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அந்த நேரத்தில் தோஷிபா 2007 முழுமைக்கும் வட அமெரிக்காவில் விற்க இலக்கு வைத்திருந்தது 18 லட்சம். அந்த ஃபார்மட்டைப் பெற்று வளர்த்த நிறுவனத்தின் ஒரு வருட இலக்கைவிட, ஒரே ஒரு கடைச் சங்கிலியின் ஒரே ஆர்டர் பெரிது. ஜூன் மாதம் அந்த 18 லட்சத்தையும் 10 லட்சமாகத் தோஷிபா குறைத்துக்கொண்டது. உண்மையிலேயே வால்மார்ட்டில் 20 லட்சம் பெட்டிகள் வரப்போகின்றன என்றால் அந்த ஃபார்மட்டின் தலைமை நிறுவனத்துக்கு அது தெரியாமல் இருக்குமா? அதற்கு மேல் துப்பறியத் தேவையில்லை. அந்த இலக்குக் குறைப்பே பதில்.

ஆனாலும் வதந்தி சாகவில்லை, ஏனென்றால் அதனால் பலருக்கும் ஆதாயம் இருந்தது. ஏற்கெனவே பிளேயர் வாங்கியிருந்த ரசிகனுக்குத் தான் போட்ட பணம் வீண் இல்லை என்ற ஆறுதல். எச்டி டிவிடி தரப்புக்கு ஸ்டூடியோக்களிடம் சொல்ல ஒரு கதை: இன்று வீடுகளில் பெட்டிகள் குறைவாக இருக்கலாம், நாளை பாருங்கள். ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் ப்ளூ-ரேயை விட்டு எச்டி டிவிடி பக்கம் மட்டும் நின்றபோது, குறைந்த விலையையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதற்காக 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் கை மாறின என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. எது நிஜக் காரணம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வதந்தியால் நஷ்டப்பட்டதும் அதே தரப்புதான். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாதி விலைக்கு வரும் என்று கேள்விப்பட்டவன் இன்று 399 கொடுத்து ஏன் வாங்குவான்? ப்ளூ-ரேக்குப் போக இருந்தவனைத் தடுக்கத்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. எச்டி டிவிடி வாங்க இருந்தவனையும் அது சேர்த்தே தடுத்தது.

வந்த மலிவு

விலை இறங்கியது, இறக்கியது தோஷிபா. ஏப்ரலில் எச்டி-ஏ2 399 ஆனது. வேனிற்காலத்தில் தள்ளுபடியோடு 299. கூடவே ஐந்து டிஸ்க் இலவசம். பிறகு இலையுதிர் காலத்தில் எச்டி-ஏ3 என்ற புது மாடல் 299 டாலருக்கு வந்தது, பழைய ஸ்டாக்கைத் தீர்க்க வேண்டிய கட்டாயத்தில் 98.87 நடந்தது. 1080p என்ற முழுத் தரப் படத்தைத் தராத, அதற்கு ஒரு படி குறைந்த 1080i படம் மட்டும் தரும் பழைய மாடல் அது. ஆனாலும் 99 டாலருக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

வதந்தி சொன்னதுபோல் தோஷிபா அல்லாத வெளி நிறுவனத்தின் பெட்டி ஒன்று வராமல் இல்லை. ஹாங்காங்கின் ஆல்கோ குழுமத்தின் வென்ச்சுரர் பிராண்டில் எஸ்எச்டி7000 என்ற பிளேயர் 2007 கடைசியில் வால்மார்ட்டுக்கு வந்தது, 200 டாலரை ஒட்டிய விலையில். பாவம், எந்த நேரத்தில் வந்தது பாருங்கள். பக்கத்து அலமாரியில் தோஷிபா என்ற பெயரே 99க்குப் போன பிறகு, வென்ச்சுரரை 200 கொடுத்து யார் வாங்குவார்கள்?

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. வதந்தி சொன்ன மலிவு, பல தொழிற்சாலைகள் போட்டி போட்டுச் செய்வதால் வரும் மலிவு. நடந்த மலிவு, ஒரே நிறுவனம் தன் பையிலிருந்து போட்டுச் செய்தது. முதலாவது ஃபார்மட்டுக்கு ஆள் சேர்க்கும். இரண்டாவது, வர நினைத்தவனையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அடக்க விலைக்குக் கீழே விற்கும் ஒருவனோடு போட்டி போட எந்தத் தொழிற்சாலையும் கடை விரிக்காது. ப்ளூ-ரே பக்கம் சோனி, பானாசோனிக், சாம்சங், பயனியர், ஷார்ப், பிலிப்ஸ் என்று பெட்டி செய்ய ஆள் இருந்தது, விலை அதிகம் என்பதாலேயே ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் லாபமும் இருந்தது. கடைக்காரர்களுக்கும் அப்படித்தான். 99 டாலர் பெட்டியில் விற்பனையாளருக்கு என்ன மிஞ்சும்?

சோனியும் நஷ்டத்தில்தானே விற்றது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. 599 டாலர் பிளேஸ்டேஷன் 3ஐச் செய்ய 840 டாலர் ஆகிறது என்று அதே ஐசப்ளைதான் கணக்குப் போட்டது. ஆனால் சோனிக்கு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க விளையாட்டுகள் இருந்தன. தோஷிபாவுக்கு இருந்தது டிஸ்க்குகளிலிருந்து வரக்கூடிய காப்புரிமைப் பங்கு மட்டுமே. அது டிஸ்க் விற்றால்தான். மைக்ரோசாஃப்டும் தன் விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360க்கு 199 டாலரில் எச்டி டிவிடி டிரைவ் ஒன்றைத் தனியாக விற்றது. தனியாக விற்றது என்பதுதான் பிரச்சினை, வேண்டும் என்பவர் மட்டும்தான் வாங்கினார். பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர் வீட்டுக்கு ப்ளூ-ரே கேட்காமலே வந்து சேர்ந்தது.

டிஸ்க் விற்றதா? 2007 முழுக்க அமெரிக்காவில் இரண்டு ப்ளூ-ரே டிஸ்க்குக்கு ஒரு எச்டி டிவிடி என்ற விகிதத்தில்தான் விற்பனை இருந்தது. 90,000 பெட்டி வார இறுதி அந்தக் கணக்கைப் புரட்டிப் போடவில்லை. 99 டாலருக்கு வாங்கியவர்களில் பலருக்கு அது பழைய டிவிடிகளைப் பெரிய டிவியில் பளிச்சென்று காட்டும் நல்ல டிவிடி பிளேயர், அவ்வளவுதான். இலவசமாக வந்த ஐந்து டிஸ்க்குக்கு மேல் அவர்கள் ஏன் வாங்க வேண்டும்?

வார்னர் பார்த்த கணக்கு

பெரிய ஸ்டூடியோக்களில் இந்தக் கணக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது வார்னர். பாரமவுண்ட் போன பிறகு இரண்டு ஃபார்மட்டிலும் படம் வெளியிட்டுக்கொண்டிருந்த பெரிய பெயர் அது ஒன்றுதான். ஒரே படத்தை இரண்டு டிஸ்க்கிலும் போட்டு, எது போகிறது என்று தன் புத்தகத்திலேயே பார்க்க முடிந்தது. மலிவு பிளேயர் கிறிஸ்துமஸ் ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டு, 2008 ஜனவரி 4 அன்று, இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. எச்டி டிவிடி ஆதரவுக் குழு லாஸ் வேகஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் நடத்த இருந்த பத்திரிகையாளர் சந்திப்பை ரத்து செய்தது.

தோஷிபா அதற்கும் விலைக்குறைப்பைத்தான் பதிலாகக் கொடுத்தது. ஜனவரி நடுவில் எச்டி-ஏ3 149 டாலர். பிப்ரவரி 3 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது விளம்பரம். போன வருடமெல்லாம் எடுபடாத மருந்தையே அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 11இல், அன்று டிஸ்க்குகளைத் தபாலில் வாடகைக்கு விட்டுவந்த நெட்ஃபிளிக்ஸ், இனி ப்ளூ-ரே டிஸ்க் மட்டுமே வாங்குவதாகச் சொன்னது, பெஸ்ட் பையும் ப்ளூ-ரேயையே முன்னிறுத்தப் போவதாக அறிவித்தது. 15ஆம் தேதி வால்மார்ட். 20 லட்சம் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்ததாக ஊரெல்லாம் நம்பிய அதே வால்மார்ட், ஜூனுக்குள் எச்டி டிவிடியை அலமாரியிலிருந்து முழுக்க எடுத்துவிடுவதாகச் சொன்னது. 19ஆம் தேதி டோக்கியோவில் தோஷிபா தலைவர் அட்சுடோஷி நிஷிடா தொழிலை நிறுத்துவதாக அறிவித்தார். அதுவரை உலகம் முழுக்கப் போன எச்டி டிவிடி பெட்டிகள் 10 லட்சத்தை ஒட்டி. பிளேஸ்டேஷன் 3 மட்டும் அப்போதே 1 கோடியைத் தாண்டியிருந்தது. தன்னிடம் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்குப் பெஸ்ட் பை 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. அது நல்ல காரியம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் நடந்தது

மலிவு பிளேயர் வந்தது. 2008 நவம்பரில், கறுப்பு வெள்ளி என்ற அமெரிக்கத் தள்ளுபடி நாள் விற்பனையில், வால்மார்ட் மேக்னவாக்ஸ் ப்ளூ-ரே பிளேயரை 128 டாலருக்கு விற்றது. அடுத்த வருடம் அதே பெயர், அதே கடை, 78 டாலர். டயோடு தட்டுப்பாடு தீர்ந்து, பல வேலைகளை ஒரே சிப்பில் அடக்கி, பலர் செய்து, பலர் விற்ற பெட்டிகள்.

சீனாவும் வந்தது, வேறு வழியில். பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள ஆய்வு மையம் எச்டி டிவிடியை அடிப்படையாகக் கொண்டு சிபிஎச்டி என்ற ஃபார்மட்டை உருவாக்கியது. வெளிநாட்டு ராயல்டியைக் குறைப்பதே அதன் முக்கிய நோக்கம். 2009இல் சீனச் சந்தைக்கு மட்டும் வந்த அந்த டிஸ்க்கில் படம் வெளியிட முன்வந்த ஹாலிவுட் ஸ்டூடியோ எது தெரியுமா? வார்னர். அதே 2009 ஆகஸ்டில், ப்ளூ-ரே சங்கத்தில் சேர விண்ணப்பம் போட்டது தோஷிபா.